உறைபனியில் ரயில் கதவு: வாசகர் கேள்வி பதில்

ஜனவரியில் குடும்பத்தோடு கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத்தில் போகிறோம். அந்தக் குளிரில் கதவோரம் இருக்கும் அவசரக் கைப்பிடி வேலை செய்யுமா?
- வாசகி, பென்னாகரம்

நீங்கள் போவது சில்லை கலான் காலம். டிசம்பர் 21-ல் தொடங்கும் அந்த 40 நாள்தான் காஷ்மீரில் கடுங்குளிர். 2025 ஜூன் 6-ல் ஓடத் தொடங்கிய அந்த வண்டியில் முன்கண்ணாடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கைப்பிடியைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அது கதவைத் திறக்காது, பூட்டை விடுவிக்கும், அவ்வளவுதான். கதவை நாம்தான் கையால் நகர்த்த வேண்டும். இந்த வகைக் கதவு முதலில் வெளிப்பக்கம் சற்றே தள்ளி, அப்புறம்தான் பக்கவாட்டில் ஓடும். ரப்பரோரம் பனி இறுகியிருந்தால் அந்த முதல் நகர்வே தடைப்படும். இழுத்தாயிற்று, திறக்கவில்லை என்று கைப்பிடியோடு மல்லுக்கட்டாதீர்கள். உள்ளங்கையைக் கதவின் விளிம்பில் வைத்து மேலிருந்து கீழ்வரை அழுத்திக்கொண்டே வந்தால் மெல்லிய பனி நொறுங்கிவிடும். அதற்கும் அசையாவிட்டால் அடுத்த பெட்டிக்குப் போவதுதான் வேகமான வழி. வண்டி நின்ற பிறகே, ஊழியர் சொன்னாலோ உயிராபத்து என்றாலோ மட்டும் கைப்பிடியைத் தொடுங்கள்.

கைப்பிடிக்கும் பூட்டுக்கும் நடுவே எது உறைகிறது? பராமரிப்பில் எப்படித் தடுக்கிறார்கள்?
- ஐ.டி.ஐ. மாணவர், ஓசூர்

பல வண்டிகளில் கைப்பிடியிலிருந்து பூட்டுக்கு, சைக்கிள் பிரேக்கில் இருப்பது போல, உறைக்குள் ஓடும் கம்பிக் கேபிள் போகும். பெட்டிக்குள் வெதுவெதுப்பு, பயணிகளின் மூச்சீரம். வெளித்தகடோ சில்லென்று கிடக்கும். அந்த ஈரம் கைப்பிடிப் பெட்டிக்குள் வியர்த்து, உறை வழியே இறங்கி, கேபிள் தொய்ந்திருக்கும் இடத்தில் தேங்கும். இரவில் வண்டி யார்டில் நிற்கையில் அது உறையும். நீர் பனிக்கட்டியாகும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால் உள்கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த நிலையில் பலம் போட்டு இழுத்தால் கம்பி நுனியில் இருக்கும் உலோகக் குமிழ் பிய்ந்துவிடலாம். பிறகு பனி உருகினாலும் கைப்பிடி சும்மா ஆடும்.

ஆகவே பகை குளிரல்ல, ஈரம். கேபிளைத் தொய்வில்லாமல் ஓட்டுவது, இரு முனைக்கும் ரப்பர் மூடி போடுவது, கைப்பிடிப் பெட்டியின் அடியில் நீர் வடியும் துளையை அடைக்காமல் வைப்பது ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் பாதித் தொல்லை தீரும். டெஃப்லான் உறை போட்ட கேபிளுக்குள் கிரீஸ் திணிக்கக் கூடாது. தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும். பூட்டுக்கும் கதவு ஓடும் உருளைக்கும் கிரீஸ் வேண்டும், ஆனால் டப்பாவைப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண லித்தியம் கிரீஸ் பலவற்றுக்கு -20 டிகிரிதான் எல்லை, அதற்குக் கீழே மெழுகு மாதிரி ஆகிவிடும். -40 வரை தாங்கும் செயற்கை எண்ணெய் கிரீஸ் தனியாகக் கிடைக்கிறது. கதவு ரப்பரைத் துடைத்து, காயவைத்து, சிலிக்கோன் மெல்லப் பூசினால் பனி ஒட்டாது. அங்கே பெட்ரோலிய கிரீஸைத் தடவினால் கதவோரத்தில் போடும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் ஊதிப்போகும். காற்றழுத்தத்தில் இயங்கும் கதவுகளில், காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையரையும் கவனிக்க வேண்டும். ஈரக்காற்று போனால் வால்வே உறையும்.

சோதனையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். வெதுவெதுப்பான ஷெட்டில் இழுத்துப் பார்த்தால் எல்லாக் கைப்பிடியும் வேலை செய்யும். இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியில், விடியற்காலை ஹீட்டர் போடுவதற்கு முன், கைப்பிடியில் ஸ்பிரிங் தராசு மாட்டி மெதுவாக இழுத்து, எத்தனை கிலோவில் பூட்டு விடுகிறது என்று கதவுவாரியாகக் குறிக்க வேண்டும். போன வாரத்தைவிட ஏறியிருந்தால் அந்தக் கேபிளில் ஈரம் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வெந்நீர் ஊற்றுவது வேண்டவே வேண்டாம்; ஊற்றிய நீர் உள்ளே இறங்கி மறுபடி உறையும். உப்பு போட்டால் துரு.

கோவை - பெங்களூரு வந்தே பாரத்துக்கும் இந்தக் கவலை உண்டா?
- வாசகர், தருமபுரி

இல்லை. ஓசூர்ப் பனி உறையாது. இங்கே துருவும் தூசியும்தான் எதிரி.

மாம்பழக்கூழ் வைக்கும் எங்கள் -18 டிகிரி குளிர் அறையில், உள்ளிருந்து திறக்கும் தள்ளுகுமிழ் அடிக்கடி இறுகிவிடுகிறது. காரணம் என்ன?
- வாசகர், காவேரிப்பட்டணம்

குமிழின் தண்டு சுவரளவு தடிமனான கதவுப் பலகையைத் துளைத்து வருகிறது. அந்தத் துளை வழியே நம்மூர் வெப்பக்காற்று நுழைந்து, அதன் ஈரம் தண்டைச் சுற்றி உறைகிறது. இரும்புத் தண்டாக இருந்தால் நைலானுக்கு மாற்றுங்கள், வெளிமுனை வாஷரைப் புதிதாகப் போடுங்கள், கதவு நிலையில் டோர் ஹீட்டர் கம்பி ஓடும் இடம் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

குமிழ் நகர்ந்தும் கதவு வராவிட்டால், அறைக்கு உள்ளும் வெளியும் காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் வால்வு பனியில் அடைத்திருக்கக்கூடும். திறந்தபோது புகுந்த சூடான காற்று, மூடியதும் குளிர்ந்து சுருங்கும். அழுத்தம் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே 2 சதுர மீட்டர் கதவைச் சுமார் 200 கிலோ விசை அமுக்கிப் பிடிக்கும். வால்வின் ஹீட்டரை உடனே சரிசெய்யுங்கள். வாரம் ஒருமுறை ஒருவர் உள்ளே போய், வெளியே பூட்டுப் போட்ட நிலையிலேயே குமிழைத் தள்ளித் திறந்து பார்க்கட்டும். அப்போது சாவியோடு இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும்.