கடல் பாம்பு கடித்தவருக்கு மூச்சு நின்றாலும் இதயம் துடிப்பது ஏன்?

அந்த நஞ்சு இதயத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் அங்கே அதற்குப் பிடிமானம் கிடையாது. நான் தொண்டிக்காரன், உடலியங்கியல் நடத்துபவன். எங்கள் கரையில் வலையோடு கடல் பாம்பும் ஏறி வரும். தட்டை வாலைப் பிடித்து வீசிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். (அந்தத் துணிச்சல் எனக்கில்லை.) பல கடிகளில் நஞ்சே இறங்காது. இறங்கிவிட்டால்தான் வினை.

தசையைச் சுருங்கச் சொல்லி நரம்பு விடுவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். இதயத்தைத் தணிக்க வேகஸ் நரம்பு விடுவதும் அதுவேதான். வாங்கிக்கொள்ளும் ஏற்பிதான் வேறு.

தசையில் இருப்பது நிகோட்டினிக் ஏற்பி. ஐந்து புரதத் துணையலகுகள் வட்டமாக நின்று நடுவில் வழி விடுகின்றன. கண்மாய் மடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும். இரண்டு ஆல்ஃபா துணையலகுகளிலும் அசிட்டைல்கோலின் வந்து அமர்ந்தால்தான் சரியாகத் திறந்து, சோடியம் அயனிகள் உள்ளே பாயும், தசை சுருங்கும். எல்லாம் சில மில்லி நொடிகளில். கடல் பாம்பு நஞ்சிலுள்ள சிறு புரதம் (நாகத்தின் நஞ்சிலும் இதன் பங்காளி உண்டு) அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஓரிடம் அடைபட்டாலே மடை திறக்காது. இமை தொங்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் அசையாது. நஞ்சு மூளைக்குள் எளிதில் நுழையாததால் ஆளுக்கு நினைவு மட்டும் இருக்கும். கொடுமைதான்.

இதயத்தில் வேகஸுக்குக் காது கொடுப்பது மஸ்கரினிக் ஏற்பி. அதற்குள் வழியே இல்லை. அசிட்டைல்கோலின் ஒட்டியதும் அது செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி-புரதத்தை எழுப்பும், ஜி-புரதம் வேறொரு பொட்டாசியம் வழியைத் திறக்கும், துடிப்பு குறையும். நஞ்சின் புரதம் இந்த ஏற்பியில் பொருந்தாது. தவிர, இதயம் துடிக்க நரம்பின் கட்டளை தேவையே இல்லை. 1921-ல் மருந்தியல் ஆய்வாளர் ஓட்டோ லோவி தவளையின் இதயத்தை வெளியே எடுத்து வைத்து வேகஸைத் தூண்டிப் பார்க்க முடிந்ததும் அதனால்தான்.

இதைப் படித்துவிட்டு இதயத்துக்கு ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நஞ்சு தசையையும் சிதைக்கும். சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயமும் நிற்கலாம். சிறுநீர் கருத்துப் போவது தசைச் சிதைவின் அடையாளம். நம்மூரில் வழக்கமாகக் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. கடல் பாம்புக்கு அல்ல. ஆகவே, வலிக்கவில்லையே என்று அடுத்த வலை வரை காத்திருக்காமல், செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்கு நேரே போக வேண்டும்.