பின்பனியில் வரும் ஏக்கம்

அன்பின் அக்கா,

கனடாவின் ஸ்காபரோவில் வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம் ஒன்று வைத்திருக்கிறேன். மார்ச் பிறந்துவிட்டது, கோடியில் இன்னும் முழங்காலளவு பனி. காலையில் யன்னலடியில் நின்று கத்தரிப் பாத்தி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன வருடம் பொறுக்க முடியாமல் பெப்ரவரி தொடக்கத்திலேயே தக்காளி விதை போட்டேன். ஏப்ரல் கடைசியில் ஒரு கிழமை நல்ல வெயில் எறிக்க, கன்றுகளை வெளியே நட்டுவிட்டேன். ஒரே இரவு உறைபனியில் எல்லாம் கறுத்துப்போயின. இந்த வருடமும் கை சும்மா இருக்க மறுக்கிறது. இந்த ஏக்கத்தை என்ன செய்வது? வீட்டுக்குள் இருக்கும் கறிவேப்பிலையும் இலை கொட்டுகிறது.

ச., ஸ்காபரோ

அன்பின் தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நானும் எழுந்துபோய் யன்னலால் எட்டிப் பார்த்தேன். இங்கேயும் அதே வெள்ளைதான்.

எங்கள் பழைய பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் இது எனக்கு விளங்கவே இல்லை. சித்திரையில் கால் வைக்க முடியாமல் மணல் சுடும், அதில் எங்கே இளமை? ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான் அந்தக் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. தொல்காப்பியம் பிரிவைப் பாடும் பாலைத் திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாகச் சொல்கிறது. பனிக்காலத்தின் கடைசி நாட்கள் மனிதரை எப்படி வாட்டும் என்று தெரிந்த யாரோதான் அதைச் சேர்த்திருக்க வேண்டும். உங்கள் ஏக்கத்தை விரட்டாதீர்கள் தம்பி.

ஆனால் நீங்கள் பார்க்கும் அந்த வெள்ளைக்குக் கீழே வெறுமை இல்லை. ஒக்டோபரில் நான் ஊன்றிய உள்ளி இப்போது அதன் கீழேதான் கிடக்கிறது. இந்தக் குளிர் பட்டால்தான் அது பல் பிரியும். வசந்தத்தில் ஊன்றினால் பலமுறை ஒற்றைக் குமிழாகவே நின்றுவிடும். டூலிப் கிழங்குக்கும் பூப்பதற்கு ஏறக்குறைய மூன்று மாதக் குளிர் வேண்டும். மேலே கிடக்கும் பனி, கடுங்குளிர் மண்ணுக்குள் ஆழமாக இறங்காமல் போர்வைபோலக் காக்கிறது. அப்புறம், இந்த நாட்களில் இரவு உறைந்து பகலில் இளகுகிறது அல்லவா, அந்த ஏற்ற இறக்கத்தில்தான் மேப்பிள் மரத்தில் சாறு ஓடும். ஒரு லீற்றர் பாகுக்கு ஏறக்குறைய 40 லீற்றர் சாறு காய்ச்ச வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். மரம் விழித்துவிட்டது என்பதைக் கண்ணால் கண்டால் மனம் கொஞ்சம் ஆறும்.

சரி, கைக்கு வேலை. ஃபோர்சீத்தியா செடி இருந்தால் மொட்டு வைத்த கிளைகளில் நான்கைந்தை இன்றைக்கே வெட்டி, இளஞ்சூட்டு நீரில் வையுங்கள். இரண்டு கிழமை அளவில் வீட்டுக்குள் மஞ்சள் பூக்கும். விதை போடும் ஆசைக்கு மிளகாயும் கத்தரியும் இருக்கின்றன. அவை மெதுவாக வளர்பவை, மார்ச் நடுவில் போட்டால் கணக்குச் சரி. சூடான இடம் கொடுங்கள், முளைத்தவுடன் விளக்கு வெளிச்சத்துக்குக் கீழே வையுங்கள். தக்காளி ஏப்ரல் தொடக்கம் வரை காத்திருக்கட்டும். பெப்ரவரியில் போட்டால் யன்னல் வெளிச்சம் போதாமல் நூல்போல நீண்டுவிடும். வெளியே நடுவதை மட்டும் மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா நாள் விடுமுறைக்கு முன் நினைக்கவே வேண்டாம். அதற்கு முந்திய ஒரு கிழமை கன்றுகளைப் பகலில் சில மணி நேரம் வெளியே வைத்துப் பழக்குங்கள். ஏப்ரல் வெயிலை நம்பி நானும் ஒருமுறை முப்பது கன்று பறிகொடுத்திருக்கிறேன். அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

கறிவேப்பிலைக்குப் பயப்படாதீர்கள். வெளிச்சம் குறைந்ததால் அது உறங்குகிறது. இலை கொட்டுகிறதே என்று தண்ணீரை அள்ளி ஊற்றினால் வேர் அழுகும். மேல்மண் காய்ந்த பிறகு கொஞ்சம் விடுங்கள், போதும். உரம் இப்போது வேண்டாம், நுனியில் பச்சை முளை தெரியட்டும். மார்ச்சில் பகல் நாளுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் நீள்கிறது, செடிக்கு அது தெரியும். என்னுடையதில் போன செவ்வாய்க்கிழமை ஒரு முளை கண்டேன், அரிசிமணி அளவு.