சி-டு-சி கேபிளில் மட்டும் சார்ஜ் ஏறாத கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி

நின்டெண்டோவின் பழைய கையடக்க கேம் கருவியான எஸ்பியில் நீங்கள் மாற்றிப் பொருத்திய டைப்-சி சாக்கெட்டின் சிசி1, சிசி2 (எதிரே கருவி இருப்பதைச் சார்ஜர் கண்டறியும் பின்கள்) இரண்டிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியாக ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். ஒரு முனையில் பழைய அகலமான யுஎஸ்பி உள்ள ஏ-டு-சி கேபிளில் ஏறுகிறது, சி-டு-சியில் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் இவை இல்லாத மலிவு போர்டுதான் காரணம். ஏ முனையில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும்; சி சார்ஜரோ அந்த ரெசிஸ்டரைக் காணும்வரை மின்சாரத்தைத் திறக்காது.

சாலிடர் செய்யுமுன் பேட்டரியைக் கழற்றி, ஒவ்வொரு சிசி பின்னையும் கிரவுண்டோடு மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் 5.1 காட்டினால், கேபிளைத் திருப்பிச் செருகினால் வேலை செய்யும்.

இரண்டு பின்னையும் இணைத்து ஒரே ரெசிஸ்டரில் முடித்துவிடாதீர்கள். 2019இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பை 4 (சிறிய ஒற்றை-போர்டு கணினி) போர்டுகளே அப்படிச் செய்துதான் இ-மார்க் கேபிள்களிடம் (உள்ளே அடையாளச் சிப் உள்ளவை) மாட்டிக்கொண்டு மின்சாரம் பெறாமல் போயின.