சிறுவிடைன்னு வாங்குன கோழி அடையே உக்காரல, ஏமாந்துட்டேனா?

கேள்வி: அண்ணா, பல்லடம் பக்கமுங்க. சந்தையில சிறுவிடைன்னு (சின்ன உடம்பு நாட்டுக்கோழி) சொல்லி முட்டைக்கு வந்த பெட்டை நாலு வாங்குனேன். அஞ்சு மாசமாச்சு, முட்டை விடுது, ஆனா ஒண்ணுகூட அடை உக்காரல. குஞ்சு எடுக்கத்தான் வாங்குனதே. வித்தவர கேட்டா சுத்த சிறுவிடைங்கறாரு. இனி வாங்குனா எதைப் பார்த்து வாங்கறதுங்க?

பதில்: தம்பி, சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, முட்டைய தினமும் எடுத்துடறீங்களா? அப்படின்னா தப்பு பாதி உங்க மேலதான். கூட்டுல முட்டை சேர்றத பார்த்தாதான் கோழிக்கு உக்காரணும்னே தோணும், நல்ல முட்டைய எடுத்துக்கிட்டு பதிலுக்கு பத்து கூமுட்டையோ பிளாஸ்டிக் முட்டையோ போட்டு இருட்டு மூலையில வச்சு ஒரு மாசம் பாருங்க. உண்மையான சிறுவிடைன்னா 12, 15 முட்டை விட்டதும் நிறுத்திடும், றெக்கைய விரிச்சுக்கிட்டு கொர்ருன்னு சத்தம் போடும், கிட்ட கைய கொண்டு போனா கொத்தும். அதான் அடை, தெக்கத்தி ஆளுங்க அவயம்பாங்க.

இன்னொரு கணக்கும் போடுங்க. நாலும் சேர்ந்து மாசத்துக்கு 80, 90 முட்டை வருதுன்னா அது சிறுவிடை இல்ல, சந்தேகமே வேணாம். கிராமப்பிரியா, வனராஜா, கிரிராஜா மாதிரி ஆராய்ச்சி நிலையங்கள் உருவாக்குன கலர் கோழியோட கலப்பா இருக்கும், அதுங்க பார்க்க நாட்டுக்கோழி மாதிரியே இருக்கறதால வியாபாரிங்க சும்மா தள்ளி விட்டுடறாங்க. அந்தக் கோழிங்கள குறை சொல்லல, முட்டைக்கும் கறிக்கும்னு எடுத்த ரகம் அது. அடை உக்கார்ற கோழி முட்டைய நிறுத்திடும்ல, அதனால உக்காராத கோழியாவே பொறுக்கிப் பொறுக்கி தலைமுறை தலைமுறையா பெருக்கிட்டாங்க, பண்ணை முட்டைக் கோழியான வெள்ளை லெகார்ன்ல அந்த குணமே கிட்டத்தட்ட போயிடுச்சு.

அடுத்த தடவை பேரை நம்பி வாங்காதீங்க, தாய நம்பி வாங்குங்க. பக்கத்து ஊர்ல யார் வீட்டுலயாவது குஞ்சோட மேயற கோழிய பார்த்து அந்த ஈத்துலயே ரெண்டு பெட்டைக்குஞ்சு கேளுங்க, ஆறு மாசம் வளர்க்கணும்தான் ஆனா ஏமாற வாய்ப்பு ரொம்ப கம்மி. அவசரம்னா ஏற்கனவே பொரிச்ச தாயக் குஞ்சோட சேர்த்து வாங்குங்க, விலை கூடத்தான் சொல்லுவாங்க, பரவால்ல. அடையில இருக்கற கோழின்னு சந்தைக்கு கூடையில கொண்டு வர்றத மட்டும் வாங்காதீங்க, பஸ்ல பைக்ல குலுங்கி இடம் மாறுனாலே பாதி கோழிக்கு அடை கலைஞ்சிடும். பெரிய உடம்பு நாட்டுக்கோழியான பெருவிடையும் நல்லா உக்காரும், ஆனா உடம்பு கனம், ஓடு மெல்லிசா இருந்தா நசுக்கிடும்.

காசு திரும்ப கேக்கறதப் பத்தி... பில் இல்லாம சந்தையில வாங்குனதுக்கு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சாலும் என்னத்த காட்டுவீங்க? பண்ணையில வாங்குனா ரகம் பேரு எழுதுன பில்லு கேட்டு வாங்கிக்கங்க.

கேள்வி: கருங்கோழி ஒரு ஜோடி வாங்கி வீட்டுலயே பெருக்கலாமா சார்?

பதில்: கடக்நாத்தா? மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்து கோழி, 2018ல அதோட கறி புவிசார் குறியீடே வாங்குச்சு. ஆனா அடை விஷயத்துல மோசம், உக்கார்றதே அபூர்வம். முட்டைய சிறுவிடை அடியில வச்சா அதே 21 நாள்ல பொரிச்சுக் குடுத்துடும், இல்லாட்டி இன்குபேட்டர் வேணும். ஜோடி விலை சொல்றவங்க இத சொல்ல மாட்டாங்க, அதனால ஒரு சிறுவிடைப் பெட்டைக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்க.