வளையத்திலிருந்து கைக்குத் திரும்பிய பந்து: வாசகர் கேள்வி பதில்

கே: சென்ற இதழில் மங்கா படிப்பதாக எழுதியிருந்தீர்கள். ஐம்பத்திரண்டு வயதில் ஜப்பானியப் படக்கதையா? பேரப்பிள்ளைகளுக்காக வாங்கினேன் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாமே, அம்மா!

ப: பேரப்பிள்ளைகள் இல்லை, அதனால் அந்தப் பொய்க்கும் வழியில்லை. மகள் படிப்பதற்காக வெளியூர் போனபோது அவள் அலமாரியைத் துடைக்கப் போய் மாட்டிக்கொண்டேன். கையில் வந்தது ‘ஸ்லாம் டங்க்’, கூடைப்பந்துக் கதை. வழக்கம்போல இடப்பக்கத்திலிருந்து திறந்து, இடமிருந்து வலமாகப் படித்தேன். வளையத்துக்குள் விழுந்த பந்து அடுத்த கட்டத்தில் மேலே எழும்பியது. அதற்கடுத்த கட்டத்தில் எறிந்தவன் கைக்கே திரும்பி வந்துவிட்டது. ஜப்பானியர்கள் கதையை இப்படித்தான் பின்னோக்கிச் சொல்வார்கள்போலும், பெரிய நவீனத்துவவாதிகள் என்று நினைத்துக்கொண்டேன். மகளிடம் தொலைபேசியில் இதைச் சொல்லி வியந்தபோது அவள் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை.

கே: மங்காவை வலமிருந்து இடம் படிப்பது கண்ணுக்குத் தொல்லை. பக்கங்களைக் கண்ணாடிப் பிம்பம்போலத் திருப்பி அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

ப: ஆங்கில மொழிபெயர்ப்புகளில் முன்பு அப்படித்தான் செய்தார்கள். விளைவு, சாமுராய்களின் வாளெல்லாம் இடுப்பின் வலப்பக்கம் போய்விட்டது. வலக்கைக்காரர்கள் அத்தனை பேரும் இடக்கைக்காரர்கள் ஆனார்கள். சரி, போகட்டும் என்று விடலாம். ஆனால் ‘ஸ்லாம் டங்க்’கின் உச்சக்கட்டத்தில் கதாநாயகன் சகுராகி தனக்குத்தானே முணுமுணுப்பது ஒரே ஒரு வாக்கியம்: இடது கை வெறும் துணைக்குத்தான். திருப்பி அச்சிட்ட பக்கத்தில் அவன் எந்தக் கையால் எறிவான், எந்தக் கை துணைக்கு நிற்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு இரண்டு தொகுதிகளில் பழகிவிடும். எனக்கு இப்போது தமிழ் வார இதழைத்தான் சில சமயம் பின்னாலிருந்து புரட்டத் தோன்றுகிறது.

கே: ‘ஸ்லாம் டங்க்’கின் கடைசி ஆட்டத்தை அதன் அனிமேயில், அதாவது அசையும் படத் தொடரில், தேடினேன், கிடைக்கவில்லை. உங்களுக்கு அனிமே பெரிதா, மங்கா பெரிதா?

ப: தொடரில் தேடினால் கிடைக்காது; அந்த ஆட்டம் வருவதற்கு முன்பே தொலைக்காட்சித் தொடர் முடிந்துவிட்டது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதிலும் அந்த ஆட்டத்திலேயே இருக்கிறது. சற்று நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். (கதை 1996இல் முடிந்தது. முடிவை மறைத்துவைக்கும் கடமை காலாவதியாகிவிட்டது.)

தகேஹிகோ இனோவே 31 தொகுதிகள் வரைந்தார். கதாநாயகன் ஒரு பெண்ணைக் கவர்வதற்காகப் பந்தைத் தொட்ட முரடன். நான்கு மாதக் கற்றுக்குட்டி. ஒரு வாரத்தில் 20,000 முறை பந்தெறிந்து பழகியவன். அவனுக்கும் சக ஆட்டக்காரன் ருகாவாவுக்கும் ஆகவே ஆகாது. முப்பது தொகுதிகளாக ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுப்பதையே அவமானமாக நினைக்கிறார்கள். நாட்டின் மிகச் சிறந்த அணியான சன்னோவுடன் ஆட்டம். சில நொடிகளே பாக்கி, ஒரு புள்ளி பின்னடைவு.

அங்கே இனோவே வசனக் குமிழிகளை எடுத்துவிடுகிறார். ‘டமார்’, ‘தொப்’ போன்ற ஒலி எழுத்துகளும் இல்லை. பக்கம் பக்கமாக வெறும் கோடுகள்: ஓடும் கால்கள், வியர்வை, திறந்த வாய்கள். ருகாவா எம்புகிறான், எதிரே இரண்டு கைகள் மறிக்கின்றன, ஓரத்தில் தனியாக நிற்கும் சகுராகி கண்ணில் படுகிறான். அந்த முணுமுணுப்பு. பந்து கை மாறுகிறது. உள்ளே விழுகிறது. 79-78. இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து ஓங்கி உள்ளங்கைகளை அறைந்துகொள்கிறார்கள். அடுத்த கணமே நினைவு வந்ததுபோல இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இதைப் படித்தபோது என் விரல் முதலில் வேகமாகத் திருப்பியது. பிறகு திருப்பப் பயந்தது. அந்தச் சில நொடிகளை எவ்வளவு நேரம் நீட்டுவது என்பது என் கையில் இருந்தது. திரையில் அந்த உரிமை இயக்குநருக்குப் போய்விடுகிறது. 2022இல் இனோவேயே இயக்கிய திரைப்படத்தில் இதே இடத்தில் ஒலியை அடக்கியிருக்கிறார். மூச்சை அடைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவர் விட்ட நேரத்துக்குத்தான் நான் மூச்சுப் பிடித்தேன். ஆகவே மங்காதான்.

இன்னொன்று. இவ்வளவு பாடுபட்டு வென்ற அணி அடுத்த ஆட்டத்தில் படுதோல்வி அடைந்து ஊர் திரும்புகிறது. அதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். அந்தத் துணிச்சலுக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

கே: மொழிபெயர்த்த மங்காவிலும் ஒலி எழுத்துகளை ஜப்பானிய மொழியிலேயே விட்டுவிடுகிறார்களே, சோம்பலா?

ப: சோம்பல் இல்லை. அந்த எழுத்து ஓவியத்தோடு சேர்ந்தே வரையப்படுகிறது. அதை அழித்தால் பின்னாலுள்ள புகையையும் புழுதியையும் யாராவது மறுபடி வரைய வேண்டும். அதனால் பல பதிப்புகளில் ஓரமாகச் சிறிய எழுத்தில் பொருள் மட்டும் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் தமிழருக்கு இதில் ஒரு சலுகை உண்டு. இதயம் ‘டோகிடோகி’ என்கிறது, நமக்குப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. விண்மீன் ‘கிராகிரா’ என்கிறது, நமக்குப் பளபளக்கிறது. கூட்டம் ‘ஸாவாஸாவா’ என்றால் நம் காதில் சலசலப்பு. பள்ளியில் இரட்டைக்கிளவிக்கு உதாரணம் எழுதி மதிப்பெண் வாங்கிய எவருக்கும் இது பாதி தெரிந்த மொழி. நான் தோற்ற இடம் ஒன்றுதான்: ‘ஷீ...ன்’. ஆளரவமற்ற அறையில், எல்லாரும் பேச்சிழந்த தருணத்தில், மௌனத்துக்கே ஓர் ஒலி எழுதிவைத்திருக்கிறார்கள். நம்மிடம் ‘கம்மென்று’ இருக்கிறது, ஆனால் அது வாயை மூடிக்கொண்ட ஆளின் மௌனம். ‘ஷீன்’ அறையின் மௌனம். தமிழில் யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.

கே: மங்காவில் எல்லோருக்கும் ஏன் அவ்வளவு பெரிய கண்கள்?

ப: மங்காவின் முன்னோடி ஒசாமு தெசுகாவைக் கேளுங்கள். டிஸ்னியின் படங்களில் மயங்கிக்கிடந்த மனிதர். மருத்துவப் படிப்பை முடித்தும் பேனாவைப் பிடித்தவர். அவர் வரைந்த கண்கள் வழிவழியாக வருகின்றன. இனோவேயின் ஆட்களுக்கு அளவான கண்கள்தான்.

கே: முதல்முறை படிப்பவருக்கு ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள். ‘ஒன் பீஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள்!

ப: சொல்ல மாட்டேன். 1997இல் தொடங்கி நூறு தொகுதிகளைத் தாண்டியும் முடியாத கதையை விருந்தாளிக்கு முதல் பந்தியில் பரிமாறக் கூடாது. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ படியுங்கள். 27 தொகுதிகள், தொடக்கம் நடு முடிவு எல்லாம் உண்டு. இறந்த தாயை உயிர்ப்பிக்க முயலும் இரண்டு சிறுவர்கள்; அண்ணனுக்கு ஒரு கால் போகிறது, தம்பிக்கு உடலே போகிறது. தம்பியின் உயிரையாவது ஓர் இரும்புக் கவசத்தில் நிறுத்திவைக்க அண்ணன் ஒரு கையையும் கொடுக்கிறான். எதைப் பெற வேண்டுமென்றாலும் அதற்குச் சமமானதைக் கொடுக்க வேண்டும் என்பது அந்த உலகத்தின் விதி. நான் பிழைப்புக்குக் கணக்குத் தணிக்கை செய்பவள். வரவும் செலவும் கடைசிப் பக்கம்வரை நேராக நிற்கும் கதையைக் கண்டால் விடுவேனா? எழுதி வரைந்த ஹிரோமு அரகாவா ஹொக்கைடோவில் பால் பண்ணையில் வளர்ந்தவர். தன்னைக் கண்ணாடி போட்ட பசுவாக வரைந்துகொள்வார். அனிமேயாகப் பார்ப்பதென்றால் 2009இல் தொடங்கிய 64 எபிசோடுகள். 2003இல் வந்தது மங்கா முடிவதற்கு முன்பே எடுத்ததால் வேறு வழியில் போய்விடும்.

கே: ‘நருட்டோ’ பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதை நகரவே இல்லை. நான் செய்த பாவம் என்ன?

ப: பாவம் உங்களுடையது அல்ல. மங்கா வாரத்துக்கு ஏறத்தாழ இருபது பக்கம் வரும். அனிமேக்கு வாரம் ஓர் எபிசோடு வேண்டும். அது இரண்டு அத்தியாயங்களைக்கூட ஒரே வாயில் விழுங்கிவிடும். வண்டி குதிரையை முந்தப்போகிறது என்றதும், மங்காவில் இல்லாத கதைகளைக் கட்டி நேரத்தை ஓட்டுகிறார்கள். முதல் ‘நருட்டோ’ தொடரின் 220 எபிசோடுகளில் கடைசி எண்பது சொச்சம் பெரும்பாலும் இந்த ரகம். கூசாமல் தாண்டிப் போங்கள்.

கே: ‘டெத் நோட்’ உங்களுக்குப் பிடிக்காதாமே?

ப: ஏழாம் தொகுதி வரை தூங்கவிடவில்லை. பன்னிரண்டு வரை போனது; எனக்குத் தூக்கம் வந்தது.

கே: என் பெண்ணுக்கு ஐந்து வயது. ஜப்பானின் கிப்லி நிறுவனப் படங்களில் எதை முதலில் காட்டலாம்?

ப: மியாசாகியின் ‘மை நெய்பர் டோடோரோ’. கவனம்: 1988இல் அதே நாளில், அதனோடு ஒரே காட்சியாகத் திரையிட்ட இன்னொரு படமும் உண்டு. தகாஹாதாவின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’. போரில் அநாதையாகும் அண்ணனும் தங்கையும். அட்டைப்படத்துக் குழந்தையைப் பார்த்து ஏமாந்து அதைப் போட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை பார்த்தேன். அந்த மிட்டாய்த் தகர டப்பா இன்னும் காதில் குலுங்குகிறது. மறுமுறை பார்க்க மாட்டேன்.

டோடோரோவில் பெண்ணோடு உட்கார்ந்து நீங்கள் பார்க்க வேண்டிய இடம் பஸ் நிறுத்தம். இருட்டு, மழை. அப்பாவுக்குக் குடை கொண்டுவந்த அக்கா, முதுகில் தூங்கிவிட்ட தங்கையோடு நிற்கிறாள். பக்கத்தில் ஏதோ வந்து நிற்கிறது. குடைக்கு அடியில் அதன் நகம் நீண்ட கால் மட்டும் தெரிகிறது. மழைக்கு அது தலையில் வைத்திருப்பது ஓர் இலை. அக்கா அப்பாவின் குடையை நீட்டுகிறாள். மரத்திலிருந்து சொட்டு குடைமேல் விழுந்து டொப்பென்கிறது. அதற்கு மயிர் சிலிர்த்து, கண் அகல விரிகிறது. இன்னும் நிறையச் சொட்டு வேண்டும் என்று எம்பிக் குதிக்கிறது பாருங்கள், மரத்துத் தண்ணீர் எல்லாம் ஒரே கொட்டாகக் கொட்டும். வசனம் மிகக் குறைவு. உங்கள் பெண் கட்டாயம் குடை கேட்பாள்.

கே: ‘பெர்செர்க்’ வரைந்த கெந்தாரோ மியுரா 2021இல் இறந்துவிட்டார். இப்போது தொடர்வதைப் படிக்கலாமா, கூடாதா?

ப: கதை எப்படி முடியும் என்று அவர் நண்பர் கோஜி மோரியிடம் சொல்லிவைத்திருந்தார். அந்த நினைவை வைத்து மோரி மேற்பார்வை பார்க்க, மியுராவின் உதவியாளர்களே 2022 முதல் வரைகிறார்கள். நாணயமான ஏற்பாடு; குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. 41ஆம் தொகுதி வரை இரண்டு முறை படித்துவிட்டேன். 42ஐ வாங்கியும் வைத்திருக்கிறேன், உறை பிரிக்காமல்.