ஈராசிரியர் பள்ளியில் பாடங்களை இணைத்து நடத்த எப்படிப் பயிற்சி பெறுவது?

ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். இதில் பாடங்களை இணைத்து நடத்த எப்படிப் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பல வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்து நடத்துபவருக்குப் பாதி வேலை ஏற்கெனவே கைவந்திருக்கும். சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் கைவர 2022-ல் தமிழக அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி, செயல்பாடுகளைக் கையில் கொடுத்தது. ஆனால் ஆசிரியர் பயிற்சி நடக்கும் வட்டார வள மையத்தில் ஸ்லைடு பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதோடு நின்றால் வகுப்பில் ஒன்றும் மாறாது.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் தயாரியுங்கள். மழையையே எடுத்துக்கொள்ளலாம். பக்கம் நேராக இருக்கும் டப்பாவை முற்றத்தில் வைத்து, காலையில் பிள்ளைகள் ஸ்கேல் விட்டுப் பார்க்கட்டும். 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு மி.மீ. மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் கூரை என்றால் 1,000 லிட்டர்! பிள்ளைகள் நம்பமாட்டார்கள், குடத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று தேடினால் அறிவியல். 2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பை ஏன் கட்டாயமாக்கியது என்றால் சமூக அறிவியல். தூறல், சாரல், ஆலங்கட்டி எல்லாம் தமிழ்.

அப்புறம் ஒருவர் நடத்த, மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளை மட்டும் கவனியுங்கள், ஆசிரியரை அல்ல. யார் எந்த இடத்தில் முழித்தார்கள் என்று குறித்து, அதை மட்டும் திருத்தி அடுத்த பள்ளியில் நடத்துங்கள். மாதம் ஒன்று போதும். எல்லாப் பாடத்தையும் இழுத்துக் கட்ட வேண்டாம். வாய்ப்பாடு தனியாகத்தான் படிய வேண்டும்.