சிங்கப்பூரில் பிக்கப் லாரியின் பின்பக்கத்தில் வேலை விளக்கு பொருத்துவது எப்படி? எத்தனை வாட் வாங்கலாம்?

கேட்டவர் கேன்வாஸ் கூடு போட்ட பத்தடி லாரி ஓட்டுகிறார். விடியுமுன் பாசிர் பாஞ்சாங் மொத்தவிற்பனைச் சந்தையில் காய்கறி ஏற்றி, தேக்கா பக்கத்துக் கடைகளில் இறக்குகிறார். இருட்டில் கைப்பேசி வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு கூடை எண்ணுவது அலுத்துவிட்டதாம். எத்தனை வாட் விளக்கு, எங்கே பொருத்துவது, எல்.டி.ஏ. (நிலப் போக்குவரத்து ஆணையம்) பிடிக்குமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

நான் சுங்கை காடுட் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லாரிகளுக்கு மின்வேலை பார்ப்பவன். இதே கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் விளக்கை வாங்கி வைத்துக்கொண்டுதான் வருவார்கள். இணையத்தில் பார்த்த மிகப் பெரிய விளக்கு, அதில் நாலு. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வாட் எவ்வளவு என்பதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம். லாரியை இருட்டான இடத்தில் நிறுத்துங்கள். ஒருவரைக் கேபினுக்குப் பின்னால் உள்ள இரும்புச் சட்டத்தின் நடுவில் டார்ச்சைப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தொட்டியில் ஏறி, பின்கதவைப் பார்த்தபடி குனிந்து கூடையைத் தூக்குங்கள். வெளிச்சம் முதுகில் அடிக்கும், கூடை உங்கள் நிழலுக்குள் போய்விடும். திரும்பி நின்றால் அதே விளக்கு நேராகக் கண்ணில் குத்தும். பல லாரிகளில் நடுச்சட்டத்தில் பெரிய விளக்கை மாட்டிவிட்டு, "வெளிச்சம் பத்தவில்லை" என்று இன்னொன்று கேட்டு வருவார்கள். வெளிச்சம் அங்கே நிறையவே இருக்கும். வருகிற திசைதான் தப்பு.

இப்போது டார்ச் இரண்டாகட்டும். ஒன்று கேபின் பக்கத்து இடது மூலையில் உயரமாக, இன்னொன்று பின்கதவுக்கு அருகில் வலது மூலையில். இரண்டும் தொட்டியின் தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று போடும் நிழலை மற்றது அழித்துவிடும். எதிரெதிர் மூலை என்ற இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வாட் போதும். உங்கள் லாரியில் கேன்வாஸ் கூடு இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கூட்டின் இரும்பு வளைவுகளிலேயே மாட்டலாம். ஆனால் விளக்கின் முதுகில் உள்ள அலுமினியத் தகடு நன்றாகச் சூடாகும், கேன்வாஸைத் தொடாமல் இடைவெளி விடுங்கள்.

விளக்கின் கதிரும் முக்கியம். ஸ்பாட் என்று விற்பது ஒரே புள்ளியில் தூரமாக அடிக்கும். பத்தடித் தொட்டியில் அதற்கு வேலையே இல்லை. பரந்து விழும் ஃபிளட் வகையைக் கேளுங்கள். நிறம் 6000 கெல்வின் நீலவெள்ளையை விட 4000 பக்கம் இருந்தால் கண் கூசாது. மழை பெய்து தார்பாய் நனைந்திருக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். நீலவெள்ளைக்குப் பூச்சியும் அதிகம் வரும். கீரைக்கட்டு, மல்லிகைச்சரம் ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

சரி, எத்தனை வாட்? உங்கள் வேலைக்கு 18 வாட் எல்.இ.டி. இரண்டு. அவ்வளவுதான். நல்ல விளக்கென்றால் ஒவ்வொன்றும் 1500 லூமன் (வெளிச்சத்தின் அளவு) வரை தரும். உள்ளங்கை அளவு விளக்குக்குப் 'பத்தாயிரம் லூமன்' என்று போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

ஏன் சின்னது போதும் என்கிறேன் என்றால், அதனால் மற்ற எல்லாம் சுலபமாகிவிடுகிறது. இரண்டும் சேர்ந்து 36 வாட், 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 7.5 ஆம்பியர் ஃபியூஸும் தாராளம். ஒரு மணி நேரம் எஞ்சின் அணைத்து ஏற்றினாலும் பேட்டரியில் 3 ஆம்பியர்-மணிதான் குறையும். 60, 70 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. மறந்துபோய்ப் பத்து மணி நேரம் எரியவிட்டால்கூட 30 போகும். நல்ல பேட்டரி என்றால் காலையில் வண்டி பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகிவிடும். இதையே 48 வாட் விளக்கு நாலு என்று வைத்துப் பாருங்கள். 192 வாட், 16 ஆம்பியர். இரண்டு மணி நேரத்தில் பாதி பேட்டரி காலி. வயர் தடிமனாக வேண்டும், ஃபியூஸ் பெரிதாக வேண்டும், அப்புறம் விடியற்காலையில் ஜம்ப் ஸ்டார்ட்டுக்கு ஆள் தேட வேண்டும்.

வயரிங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வர வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, வயரை. ஃபியூஸை விளக்குப் பக்கம் வைத்தால் நடுவில் வயர் எங்காவது உரசி சேஸிஸை (வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தை) தொடும்போது தீப்பிடிப்பதைத் தடுக்க எதுவும் இருக்காது. அடுத்தது ரிலே, அதாவது சுவிட்சின் சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கருவி. ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30ஆம் முனைக்கு, 87இலிருந்து விளக்குகளுக்கு. 86க்கு கேபின் சுவிட்சிலிருந்து மின்சாரம், 85 கிரவுண்டுக்கு, அதாவது சேஸிஸுக்கு. 3 ஆம்பியருக்கு ரிலே தேவையா என்று கேட்கலாம். நல்ல சுவிட்ச் என்றால் நேரடியாகவே தாங்கும். ஆனாலும் நான் ரிலே போடத்தான் சொல்வேன். விளக்குக்குப் போகிற முழு மின்னோட்டமும் டாஷ்போர்டுக்குள் ஓடாமல் இருப்பது நிம்மதி.

மின்சாரத்தை ரிவர்ஸ் விளக்கு வயரிலிருந்து எடுக்கச் சொல்லிப் பலர் வீடியோ போடுகிறார்கள். வேண்டாம். அந்த வயர் மெல்லியது, அந்த ஃபியூஸை வேறு விளக்குகளும் பகிர்ந்துகொள்ளும், தவிர ரிவர்ஸ் கியர் போட்டால்தான் எரியும். காய்கறி ஏற்றும்போது ரிவர்ஸ் கியரிலா நிற்பீர்கள்? ஈ.ஆர்.பி. (சாலைக் கட்டணம்) கருவிக்குப் போகும் வயரையும் தொடவே கூடாது.

நான் அதிக நேரம் செலவிடுவது இணைப்புகளில். சிங்கப்பூரில் விளக்கு சீக்கிரம் கெட்டுப்போவதில்லை, இணைப்புதான் கெடுகிறது. வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இணைப்பை, வடகிழக்குப் பருவமழை ஒன்று போன பிறகு அறுத்துப் பாருங்கள். டேப் கொழகொழவென்று கையில் ஒட்டும். உள்ளே செம்பு இழைகள் சில இடத்தில் பச்சை பூத்து, சில இடத்தில் கரிபோலக் கறுத்திருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். மீட்டரை வைத்தால் பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும், விளக்கு முனையில் 10கூட இருக்காது. வண்டிக்காரர் விளக்கு மட்டம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். கிரிம்ப் செய்து (உலோக முனையை வயரோடு சேர்த்து நசுக்கி), உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போடுங்கள். ஓரத்தில் பசை பிதுங்கி வெளியே தெரிய வேண்டும், அப்போதுதான் தண்ணீர் ஏறாது. இணைப்பு எத்தனை குறைவோ அத்தனை நல்லது. கேபினிலிருந்து முதல் விளக்குவரை ஒரே நீள வயராக இழுங்கள்.

வயர் கேன்வாஸ் கூட்டின் சட்டத்தை ஒட்டி ஏறும் இடத்தில் நெளிவுக் குழாய்க்குள் போகட்டும். இரும்பில் ஓட்டை வழியாகப் போனால் ரப்பர் வளையம் கட்டாயம். பின்கதவிலேயே விளக்கு மாட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். தினமும் நாற்பது முறை கதவு இறங்கி ஏறும்போது கீல் பக்கத்து வயர் மடங்கி மடங்கி உள்ளுக்குள் அறுந்துவிடும். போதாததற்குக் கதவை இறக்கினால் விளக்கு தரையைப் பார்க்கும்.

கிரவுண்டுக்கு சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த இடத்தில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். துருப்பிடித்த போல்ட்டில் மாட்டிய கிரவுண்ட் முதல் மழை வரைக்கும்தான்.

விளக்கு வாங்கும்போது ஐ.பி.67 என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதற்கு அர்த்தம். ஹை-பிரஷர் குழாயால் லாரியைக் கழுவுகிறவர் என்றால் அது போதாது, ஐ.பி.69கே தேடுங்கள். அப்புறம் ஒரு சின்ன சோதனை. விளக்கைப் போட்டுவிட்டு வானொலியில் ஒலி 96.8 வையுங்கள். கரகரவென்று இரைந்தால் விளக்குக்குள் இருக்கும் டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கும் சுற்று) மட்டமான சரக்கு. திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இனி எல்.டி.ஏ. நிலப் போக்குவரத்து ஆணையம் வாகன மாற்றங்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. அனுமதி தேவையில்லாதவை, அனுமதி வாங்க வேண்டியவை, செய்யவே கூடாதவை. விளக்கு சம்பந்தப்பட்ட எதையும் முதல் வகை என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். எங்கே மாட்டப் போகிறீர்கள், எந்தப் பக்கம் அடிக்கும், எப்போது எரியும் என்று படத்தோடு எழுதிக் கேட்டு, வருகிற பதிலைச் சேமித்து வையுங்கள். பரிசோதனையில் கேள்வி வந்தால் காட்டலாம். சரக்கு வாகனத்துக்குப் பத்து வயதுவரை ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு. அதனால் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும்.

அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு விஷயத்தில் சமரசம் கூடாது. லாரி நகரும்போது இந்த விளக்கு எரியக் கூடாது. பின்னால் வருகிறவர் பி.ஐ.இ. விரைவுச்சாலையில் வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தால் நீங்கள் ரிவர்ஸ் எடுக்கிறீர்கள் என்று நினைப்பார், இல்லாவிட்டால் கண் கூசி உங்கள் பிரேக் விளக்கையே பார்க்காமல் விடுவார். சுவிட்சிலேயே சிவப்பாக எரிகிற சின்ன விளக்கு உள்ளதாக வாங்கிப் பார்வை படும் இடத்தில் வையுங்கள். அதைவிட நல்லது, ஹேண்ட்பிரேக் இழுத்திருந்தால் மட்டும் எரியும்படி செய்வது. இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். புது வண்டிகளில் ஹேண்ட்பிரேக் வயர் வண்டியின் கணினிக்குப் போகிறது, அதை வெட்டி ஒட்டினால் டாஷ்போர்டில் வேண்டாத விளக்கெல்லாம் எரியும். சிவப்பு, நீலம், மினுக்குவது எதுவும் வேண்டாம். நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைக்கக் கூடாது. விளக்கு பாடியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கூட்டின் உச்சிக்கு மேல் மாட்டினால் கார்நிறுத்தத்தின் உயரத்தடையில் இடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, லாரி யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை. இங்கே ஓடும் சின்ன லாரிகளில் பல வாடகைக்கு எடுத்தவை. அப்படியென்றால் ஒரு ஓட்டை போடுவதற்கு முன்னும் வாடகை நிறுவனத்திடம் கேட்க வேண்டும், பேட்டரியில் வயர் மாட்டுவதற்கும் சேர்த்துத்தான். சொந்த வண்டி என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். முதலாளி வண்டியை ஓட்டுகிறவர் என்றால் "அண்ணே, மாட்டிக்கவா?" என்று வாயால் கேட்டது போதாது. வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள்.

உண்மையைச் சொன்னால் வாடகை லாரிக்கு நான் இந்த வயரிங் வேலையையே பரிந்துரைக்க மாட்டேன். அடியில் காந்தம் உள்ள, சார்ஜ் செய்கிற வேலை விளக்கு இரண்டு வாங்குங்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் தேடலாம். மக்கிட்டா மாதிரி கருவி ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அதே 18 வோல்ட் பேட்டரியில் எரியும் விளக்கை மட்டும் வாங்கலாம். கூட்டின் இரும்பு வளைவில் எதிரெதிர் மூலையில் ஒட்டுங்கள், வேலை முடிந்ததும் கழற்றிக் கேபினுக்குள் போடுங்கள். ஓட்டை இல்லை, ரிலே இல்லை, பரிசோதனைக் கவலை இல்லை. தேக்காவில் இறக்கும்போது கையில் எடுத்துக்கொண்டு படிவரை போகலாம், வண்டியில் பொருத்திய விளக்கால் அது முடியாது. ஒரு எச்சரிக்கை: கழற்ற மறந்து வண்டியை எடுத்தால் முதல் மேட்டிலேயே காந்தம் நழுவி, விளக்கு பின்னால் வருகிறவர் கண்ணாடியில் விழும். அதனால் ஒரு சின்னக் கயிற்றையும் சேர்த்துக் கட்டுங்கள்.

பெரிய லாரிக்கு இதைப் படிக்கிறவர்களுக்கு: இரண்டு பேட்டரி தொடராக இணைத்த 24 வோல்ட் வண்டியில், 12 வோல்ட் விளக்குக்காக ஒரே ஒரு பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். அந்தப் பேட்டரி மட்டும் இறங்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும், கடைசியில் இரண்டும் போகும். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் விளக்குகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பெட்டியில் அந்த எண் இருக்கிறதா பார்த்து வாங்கி, 24 வோல்ட்டிலேயே மாட்டுங்கள்.